ஆவூர்ப் பக்கத்துப் பாஸ்காவில் மாதாவின் குரல்

ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் பஸ் பிடித்தோம். பதினான்கு மைல், ஆளுக்கு ஒன்பதணா. சமஸ்தானம் போய்ச் சில ஆண்டுகளே ஆகியிருந்தாலும் கண்டக்டர் இன்னும் அரண்மனைச் சேவகர் போல விறைப்பாக நின்றுதான் டிக்கெட் கிழித்தார். நான் கும்பகோணத்தில் பெண்கள் பள்ளியொன்றில் தமிழாசிரியை. கணவருக்குத் தபால் ஆபீசில் வேலை. நகையிலும் நிலத்திலும் இல்லாத ஆசை எங்கள் இருவருக்கும் நாடகத்தில் உண்டு. எந்த ஊரில் திரை கட்டினாலும் போய்விடுவோம்.

"பாஸ்கா பாக்கவா போறீங்க?" என்றார் கண்டக்டர். "மாதா பாட்டு வர்றப்ப கர்ச்சீப்பக் கையில வச்சுக்கங்க. நான் வருசா வருசம் அழுதுட்டுத்தான் வாரேன்."

ஏசுநாதரின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகத்துக்குத்தான் பாஸ்கா என்று பெயர். ஆவூரைச் சுற்றிய கிறிஸ்தவ ஊர்களில் அதன் புகழ் அதிகம். எங்களை அழைத்தவர் அத்தகைய சிற்றூர் ஒன்றின் பள்ளி ஆசிரியர் அருளப்பன். கீரனூரில் மாட்டுவண்டியோடு காத்திருந்தார். செம்மண் பாதை, இரு பக்கமும் பனை, பறித்து முடித்த கடலைக் கொல்லைகள். வழியெல்லாம் நாடகத்தைப் பற்றியே பேசினார். நடிப்பவர்கள் எல்லாரும் விவசாயிகள். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். மாதா வேஷம் பல வருஷமாகச் சவரிமுத்து என்பவருக்கு. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய அன்றே மீசையை எடுத்துவிடுவாராம்.

உச்சி வெயிலில் ஊர் சேர்ந்தோம். கோயில் முற்றத்தில் மேடை தயாராகிக் கொண்டிருந்தது. சுற்று ஊர்க்காரர்கள் இருட்டுமுன் வண்டி கட்டித் திரும்ப வேண்டும் என்பதால் இங்கே நாடகம் சாயங்காலமே தொடங்கிவிடும். ரோமாபுரிச் சிப்பாய்களின் தலைக்கவசத்தைத் தொட்டுப் பார்த்தேன். அட்டை, மேலே தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் உருக்கு போல மின்னியது. பெரிய சபாக்களில் வாடகைக்கு எடுத்த ஜிகினா உடைகளைப் பார்த்துச் சலித்த எனக்கு அந்தக் கைவேலை மிகவும் பிடித்துவிட்டது.

மூன்று மணிக்கு வேஷக் கொட்டகைப் பக்கம் சலசலப்பு. பெண்கள் பகுதி அதையொட்டியே இருந்ததால் கீற்று இடுக்கு வழியே எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது. சவரிமுத்துவுக்குக் குரல் போய்விட்டது. பெரிய வெள்ளியன்று நாள் முழுக்கப் புலம்பல் பாடியதில் கட்டிய தொண்டை இன்று அடியோடு அடைத்து, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நாடகத்தைப் பழக்கிய அண்ணாவியார் சூசை மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்துப் பார்த்துச் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். முற்றமோ நிரம்பிவிட்டது. அத்தனை பேரும் மாதா பாட்டுக்காக வந்தவர்கள்.

"மாமா, நான் பாடுறேன்."

சொன்னவர் மதலேனாள், சவரிமுத்துவின் மனைவி. கணவர் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது மாதா பாட்டைப் பாடிப் பழகுவாராம். வாய்க்காலில் தண்ணீர் திருப்பியபடி இவர் அடி எடுத்துக் கொடுப்பாராம்.

"என்ன புள்ள பேசுற?" என்றார் அண்ணாவியார். "பொம்பளை மேடை ஏறுறதா? நம்ம பாஸ்காவுல அந்த வழக்கமே இல்ல."

"மேடை ஏறலையே. அவுக நிக்கட்டும், நான் தெரைக்கு அங்கிட்டு நின்னு பாடுறேன். சினிமாவுல ஒருத்தி வாயசைக்க இன்னொருத்தி பாடுறாளாமுல்ல? அத மட்டும் டிக்கெட்டு வாங்கிப் பாத்துட்டு வாரீங்க."

கொட்டகையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணாவியார் எட்டி முற்றத்துக் கூட்டத்தைப் பார்த்தார். "சரி. ஆனா வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

நான்கு மணிக்குத் தொடங்கிய நாடகம் ஓரிடத்திலும் தொய்யவில்லை. யூதாஸ் வந்தபோது கிழவிகள் மண்ணை வாரித் தூற்றினார்கள். சிலுவையடியில் மாதா வந்து நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. நீல முக்காட்டுக்குள் சவரிமுத்துவின் முகம். ஆண்மகன் என்ற நினைவே எனக்கு வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து குரல் எழுந்தது. பழக்கப்பட்ட சங்கீதக் குரலல்ல. இழவு வீட்டு வாசலில் கேட்கும் குரல். அழுகை அதற்குள் அடைபட்டு, ராகத்தை விடாமல் நின்றது. என் பக்கத்திலிருந்த பெண்கள் மாரில் கை வைத்துக்கொண்டார்கள். என் கணவர் அங்கே ஆண்கள் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சவரிமுத்து தொண்டை இந்த வருசம் என்னமா எடுக்குது!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பாட்டின் நடுவிலேயே ஒரு பெரியவர் மேடையேறி, தம் தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

சவரிமுத்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு துண்டைக் கழற்றினார், திரும்பினார், திரையை ஓரமாக இழுத்துவிட்டார். கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த மதலேனாள் எல்லாருக்கும் தெரிந்தார். சாதாரணக் கண்டாங்கிச் சேலை. காலில் காய்ந்த வயற்சேறு. துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சவரிமுத்து பழையபடி சிலுவையடியில் போய் மண்டியிட்டார்.

மதலேனாள் கண் திறந்து கூட்டத்தைப் பார்த்தார். பாட்டு நின்றது. யார் முதலில் கூச்சல் போடப் போகிறார்கள் என்று பயந்தேன். அப்போது தாளம் கேட்டது. அண்ணாவியார்தான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தாளத்தைத் தட்டினார். மதலேனாள் அடுத்த அடியை எடுத்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

மறுநாள் காலை வண்டி ஏறினோம். கும்பகோணத்தில் எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறோம். மின்விளக்கு, சுழலும் மேடை, நோட்டீசில் கொட்டை எழுத்தில் நடிகை பெயர். ஆனால் கிடைத்த புகழை நாடகத்தின் நடுவிலேயே கழற்றி உரியவரிடம் கொடுத்த நடிகரை அங்கே நான் பார்த்ததில்லை.

வழியனுப்ப அண்ணாவியார், சவரிமுத்து, மதலேனாள் மூவரும் வந்திருந்தார்கள். "அடுத்த வருஷமும் பாடுவீங்களா?" என்று மதலேனாளைக் கேட்டேன்.

"அத அண்ணாவியார்கிட்டக் கேளுங்க."

"இவன் தொண்டை சரியாயிட்டா இவன்தான் பாடணும்" என்றார் அண்ணாவியார், எங்கோ பார்த்துக்கொண்டு.

மாட்டைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த சவரிமுத்து நிமிர்ந்தார். முந்தின நாளைவிடக் குரல் நன்றாகவே தெளிந்திருந்தது.

"அது இனிமே சரியாகாதுங்க" என்றார்.