மணல் மோதும் இடம்

கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு, தொட்டிக்கு அடியில் குனிந்து, தண்ணீர் இறங்கும் வளைவை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். பின்னால் எச்சில் கையோடு நாங்கள் நாலு பேர். "ஒரு நிமிஷம் இருங்கப்பா, இது எங்க அதிருதுன்னு பாத்துக்கறேன்." அவருடைய ஒரு நிமிஷத்துக்குள் கை காய்ந்துவிடும்.

தொழிற்சாலையில் அவருக்கு மணலக்கா என்று பெயர். மணலோடு சூடான கலவை ஓடும் குழாய்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதற்குள் லட்சக்கணக்கான மணல் துகள்களை ஓடவிட்டு, எந்த வளைவு எப்போது தேய்ந்து ஓட்டையாகும் என்று கணித்துச் சொல்வது அவர் வேலை. "தண்ணி நெளிஞ்சு தப்பிச்சிடும் தம்பி. மணலுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது, நேரா போய் முட்டிக்கும். எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்பார். கைப்பையில் ஒரு மாத்திரை டப்பா உண்டு. உள்ளே மாத்திரை இல்லை, மணல். உருண்டையா, முனை கூரா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார். தலைவலிக்கு அதில் ஒன்று கேட்டு அசடு வழிந்தவன் நான்.

போன மாதம், பம்ப் அறை வளைவு ஓட்டையாகப் போகிறது என்று ஒற்றைக் காலில் நின்று ஆலையையே நிறுத்த வைத்தார். குழாய் ஆறியதும், தடிமன் அளக்கும் கருவியை வளைவின் வெளிமுதுகில் வைத்தது நான்தான். எட்டு மில்லிமீட்டர். புதுக் குழாய்க்கு இருக்கிற தடிமன் அப்படியே இருந்தது. "என்ன மேடம், உங்க மணல் லீவுல போயிடுச்சா?" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

பதினைந்து நாள் அவர் வரைபடத் தாள்களை விட்டுத் தலை நிமிரவில்லை. பிறகு ஒரு காலையில் நேராக என்னிடம் வந்தார்.

"தப்பு என்னோடதுதான் தம்பி. அந்த ஒரு வளைவ மட்டும் வரைஞ்சேன். அதுக்கு ரெண்டடி முன்னாடியே இன்னொரு வளைவு இருக்கு. அது வேற தாள்ல இருந்துச்சு, பாக்காம விட்டுட்டேன். மணல் அங்கயே சுழல ஆரம்பிச்சு, இங்க பக்கவாட்டுல வந்து மோதுது. நாம முதுகுல தேடினோம், அது விலாவுல தேயுது."

அந்த விலாவுக்கு நேர் எதிரேதான் வால்வு திருப்பும் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குழாய் பிய்த்துக்கொண்டால் கொதிக்கிற கலவை முழுக்க அவர் மேல்தான்.

மேனேஜர் லேசில் மசியவில்லை. "மறுபடியும் ஒண்ணுமில்லன்னா?"

"அப்புறம் என் பேச்சை யாரும் கேக்க வேண்டாம் சார், நானே வேலைய விட்டுப் போயிடறேன். இப்ப நிறுத்துங்க." ஆள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

நிறுத்தினார்கள். குழாயைக் காலி செய்து ஆறவிட்டார்கள். கருவியைப் பக்கவாட்டில் வைத்தேன். ஒன்று புள்ளி இரண்டு. கருவியை மேனேஜர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "அடக் கடவுளே" என்றார்.

அந்த நேரம் பார்த்து டீ குடித்துவிட்டு வந்தார் பெரியவர். "முடிஞ்சுதா? உக்காரலாமா?" என்று நாற்காலியை நோக்கி நடந்தார். குழாய்க்குள் ஒரு சொட்டுக்கூட இல்லை. அது மணலக்காவுக்குத் தெரியாதா என்ன? இருந்தும் ஓடிப்போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் வெகுநேரம் விடவே இல்லை.