வெள்ளக்கொக்கின் சொந்தப் பேர்

சாலம்மாள் உர மூட்டை வாங்கினால் முதலில் மூட்டை வாயைத் தைத்த நூலைத்தான் பார்ப்பாள். நடுவில் நூல் நிறம் மாறியிருந்தால் மூட்டையைத் தொடக்கூட மாட்டாள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரை ஒரு தடவை, டிரைவரை ஒரு தடவை, பக்கத்தில் உட்கார்ந்தவரை ஒரு தடவை, "இது கச்சிராயபாளையம் போவுமா?" என்று கேட்பாள். மூன்று பேரும் ஒரே பதில் சொல்லிவிட்டால், பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று யோசிப்பாள்.

சந்தேகம் அவள் திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீதனம். புருஷன் போய் ஆறு வருஷம். ஒரே மகள் ராதிகா உளுந்தூர்பேட்டையில் வாக்கப்பட்டுப் போய்விட்டாள். கோமுகி அணைக்குக் கீழே, வாய்க்கால் முடிகிற கடைக்கோடியில், இரண்டு ஏக்கர் நெல்லை ஒற்றை ஆளாகக் கரையேற்றுகிற பொம்பளை சந்தேகப்படாமல் பிழைக்க முடியுமா?

மலையில் மழை கொட்டி அணை ததும்பி நின்றாலும், மேலே இருக்கிற அத்தனை மடைகளையும் தாண்டித்தான் தண்ணீர் அவள் கழனிக்கு வந்தாகவேண்டும். வாரத்தில் புதன்கிழமை ஒரு நாள், காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரை அவள் முறை. அந்த முறைத் தண்ணீரைத்தான் யாரோ நடுவில் திருப்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, மூன்றாவது மடைக்காரர் சுப்புராயன்தான். ஊரிலேயே கழனி அதிகம் உள்ளவர். எதிரில் நின்று கேட்டால் அடுத்த வாரம் இருக்கிற கொஞ்ச தண்ணீரும் நின்றுபோகும். மடை பார்க்கிற வீரமணியே அவர் சொல்வதற்குத்தான் தலையாட்டுவான்.

போனில் "கோமுகிக் கரை உழவர்கள்" என்று ஒரு குழு இருந்தது. தொடங்கி நடத்துகிறவரும் அதே சுப்புராயன்தான். அணை எப்போது திறப்பார்கள், யாருக்கு எப்போது முறை, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று நூற்று நாற்பது பேர் அதில் பேசிக்கொள்வார்கள். அந்த ஆப்பில் போன் நம்பர் தெரியாது, வைத்துக்கொண்ட பேர் மட்டும் தெரியும். கரும்புராஜா, மழைமேகம், கச்சிராயபாளையம் சிங்கம் என்று ஆளுக்கொரு பேர். சொந்தப் பேரும் கண்ணாடி போட்ட படமும் வைத்திருந்தவர் சுப்புராயன் ஒருவர்தான்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது ராதிகாதான் அம்மாவை அதில் சேர்த்துவிட்டாள்.

"இன்னா பேரும்மா வெக்கட்டும்?"

"என் பேரு வேணாம்டி. எவன் எவன் இருக்கான்னே தெரியாத எடத்துல என் பேர எதுக்குக் குடுக்கணும்?"

கழனியில் கொக்கு ஒன்று நின்றது. ராதிகா அதையே வைத்துவிட்டாள், வெள்ளக்கொக்கு என்று. சாலம்மாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. மைக் படத்தைத் தொட்டுக்கொண்டு பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று மகள் காட்டிக் கொடுத்தாள்.

முதல் சில வாரம் படித்ததோடு சரி. இந்த மழைமேகம் யாராக இருக்கும்? சிங்கம் எந்தத் தெருக்காரன்? பேரை மறைக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அந்தக் குழுவில் வெள்ளக்கொக்கைத் தவிர வேறு எந்தக் கள்ளப் பேரையும் அவள் நம்பவில்லை.

கார்த்திகையில் தொடர்ந்து இரண்டு புதன்கிழமை தண்ணீர் பாதியில் நின்றது. மூன்றாவது புதன் மத்தியானம், ஊர் சாப்பிடப் போயிருந்த நேரம், வாய்க்காலோரமாகவே நடந்துபோய்ப் பார்த்தாள். பார்த்ததைப் போனிடம் சொன்னாள்.

"மூணாவது மடைகிட்ட வாய்க்கா குறுக்க வைக்கோலும் களிமண்ணும் போட்டு அடைச்சிருக்குது. கீழ போவ வேண்டிய தண்ணி குழுத்தலைவரு கழனிக்குப் போவுது. வீரமணி பாத்தும் பாக்காத மாதிரி போறான்."

கையெழுத்து: வெள்ளக்கொக்கு. அப்புறம் மழைமேகம், "எனக்கும் தண்ணி வரல" என்றது. கரும்புராஜா ஒரு கைகூப்பு போட்டது. அதன்பிறகு இரண்டு மாதம் வாய்க்கால் அடைபட்டபோதெல்லாம் வெள்ளக்கொக்கு சொன்னது. அடைப்பு குறையத் தொடங்கியது. சாலம்மாளின் நெல் கதிர் தள்ளிப் பால் பிடிக்கும் பதத்துக்கு வந்தது. இன்னும் இரண்டு தண்ணீர் முழுசாகப் பாய்ந்தால் மணி, தப்பினால் பதர்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒரு வியாழக்கிழமை சுப்புராயன் குழுவில் எழுதினார்: "முகம் காட்டாமல் குறை சொல்கிறவரை எப்படி நம்புவது? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் சொந்தப் பேரும் தெருவும் வைக்கவேண்டும். வைக்காதவர் நீக்கப்படுவார்."

அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாலம்மாளே அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் நியாயம் அவர் வாயிலிருந்து வந்ததுதான் அவளுக்கு உறுத்தியது.

மறுநாள் கதிர்ப்பூச்சிக்கு மருந்து வாங்க கச்சிராயபாளையத்தில் ஹயாத் பாஷா கடைக்குப் போனாள். விதை, உரம், பூச்சிமருந்து விற்கிற கடை. உள்ளே சுப்புராயனும் வீரமணியும் நின்றிருந்தார்கள். திரும்பிப் போனால் ஏன் போனாள் என்பார்கள். உள்ளே போனாள்.

"அந்தக் கொக்கு எழுதினது மொத்தத்தையும் படிச்சேண்ணே" என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தார். வியாபாரிக் கண், எதிலும் ஒன்றைப் பிடிக்கும். "வீரமணி பேரு எழுதுது, ரெண்டாவது மடைக்காரரு காசிநாதன் பேரு எழுதுது, என் கடைப் பேருகூட எழுதுது. உங்க பேரு மட்டும் ஒரு எடத்துலயும் இல்ல. குழுத்தலைவருங்குது, மேமடைக்காரருங்குது, கண்ணாடி போட்டவருங்குது."

"பயம் பாய். பேரச் சொன்னா மாட்டிக்கினு முழிக்கணுமே."

"இன்னா பயம்? கண்ணாடி போட்டவருன்னு சொன்னா மட்டும் தெரியாதா?"

வீரமணி தலையைச் சொறிந்தான். "என் பொண்டாட்டி இப்டித்தாங்க. பஞ்சாயத்துல மணின்னு ஒருத்தரு இருக்காரு. என் பேரு வருதுன்னு அவர 'மீசைக்காரரு'ம்பா. பேரச் சொல்லவே மாட்டா."

சொல்லிவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டான். சுப்புராயன் என்ற பேரில் அந்த ஊரில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தர் இங்கே நிற்கிறார். இன்னொருத்தர் சாலம்மாளின் புருஷன், செத்தும் ஆறு வருஷம். பேங்கில் கணவர் பேர் கேட்டால்கூட பாஸ்புத்தகத்தைத் திருப்பி விரலால் காட்டுகிறவள் அவள் என்பது ஊருக்கே தெரியும். மகளுக்கு முன்னால்கூட அவள் நாக்கு அந்தப் பேரில் பட்டதில்லை. போனிடம் மட்டும் எப்படிப் படும்?

மூன்று தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"இன்னாம்மா சாலம்மா?" என்றார் சுப்புராயன்.

அவள் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "இன்னான்னா? உங்க பேரச் சொல்லாதவ ஊர்ல நான் ஒருத்திதானா? உங்களுக்குச் சோறு போடுறவங்க மட்டும் சொல்லுவாங்களா?"

பாய் சிரித்துவிட்டார். வீரமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு தும்மினான். சுப்புராயன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், வண்டியை எடுத்தார்.

தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டே மருந்து டப்பாவின் மூடியைத் திருகிப் பார்த்தாள். சீல் சரியாகத்தான் இருந்தது. மனசுதான் சரியாக இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சுப்புராயனின் மனைவி பெரியம்மாள் அவள் மாட்டுக்கொட்டகைக்கு வந்து நின்றாள். இருபது வருஷமாக அந்த வாசலை மிதிக்காதவள்.

"ரெண்டு பேருல ஒருத்தின்னு ஊரே பேசிக்கினு இருக்குது சாலம்மா. நான் இல்லன்னு எனக்குத் தெரியும்."

சாலம்மாள் சாணிக் கையைக் கழுவவே இல்லை. "உங்க போன் எங்கக்கா?"

"அதுக்குத்தானே வந்தேன். புடுங்கிப் பொட்டில வெச்சிப் பூட்டிட்டாரு. சென்னையில பேத்தி, தெனம் வீடியோவுல பேசும். மூணு நாளா மூஞ்சி பாக்கல. 'வூட்டுக்குள்ளயே வேவு வெச்சிக்கினு சோறு திங்கிறேன்'னு சட்டியத் தள்ளி வுட்டுட்டாரு."

"அவரு அனுப்பித்தான் வந்தீங்களா?"

"அடி போடி."

"முந்தானைய ஒதறுங்க."

பெரியம்மாள் ஒரு நிமிஷம் முறைத்தாள். அப்புறம் முந்தானையை அவிழ்த்து உதறினாள். இரண்டு கொட்டைப்பாக்கும் ஒரு ஊக்கும் விழுந்தன. பதிவு செய்கிற போன் எதுவும் விழவில்லை. சாலம்மாள் தன் போனையும் கொண்டுபோய்த் தவிட்டுக் கூடையின் கீழே கவிழ்த்துவைத்துவிட்டு வந்தாள்.

"வாய்க்கால அவரு அடைக்கிறது எனக்கும் தெரியும்" என்றாள் பெரியம்மாள். "மத்தியானத்துல சேத்துக்காலோட வர்றவருக்குத் தண்ணி மொண்டு ஊத்துறவ நான்."

"தெரிஞ்சிக்கினு வாயத் தொறக்கலியே அக்கா?"

"தொறந்தா எனக்கு வூடு போச்சி. நீ தொறந்தா ஒனக்குத் தண்ணி போச்சி. நீ பேரு இல்லாம தொறந்துட்டு, என் தலையில கொண்டாந்து வெச்சிட்ட. பாய் கடையில சிரிச்சாங்களாமே?"

பெரியம்மாள் பாக்கைப் பொறுக்கி முடிந்துகொண்டு போய்விட்டாள். நான்தான் என்று சாலம்மாளும் கடைசிவரை சொல்லவில்லை, நீதானா என்று பெரியம்மாளும் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் மகளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"என் பேர அதுல வெக்கணும். எப்டின்னு சொல்லு."

"பைத்தியமாம்மா ஒனக்கு? வெள்ளிக்கிழமை அவங்களே நீக்கிடுவாங்க. ஒரு மாசம் கழிச்சி வேற பேருல பூந்துக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தம்மா மேல பழி நிக்கும்."

"பேர மாத்துனா நீ இதுவரைக்கும் எழுதினது எல்லாத்துக்கும் மேல உன் பேருதான் வரும், தெரியுதா? ரெண்டு மாசத்துக்கும்."

"வரட்டும்."

"நெல்லு பால் புடிக்கிற நேரம்மா. தண்ணிய நிறுத்திட்டாருன்னா?"

"எப்டின்னு மட்டும் சொல்லுடி."

ராதிகா சொல்லச் சொல்ல விரலை வைத்தாள். வெள்ளக்கொக்கு போய்விட்டது. இரண்டு மாசத்துக் குறையெல்லாம் ஒரே நொடியில் சாலம்மாள், கடைமடை என்று நின்றது. அப்புறம் எழுதாமல், தன் குரலிலேயே பேசி அனுப்பினாள்.

"நான் சாலம்மா பேசறேன். கொக்கு நான்தான். பெரியம்மா அக்காவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பாய் கடையில அவங்கள இழுத்து வுட்டது என் தப்பு. தலைவரு பேர இப்பவும் சொல்ல மாட்டேன், அது எங்க வூட்டு சமாச்சாரம். வாய்க்கா அடைச்சது மட்டும் நெசம். நாளன்னைக்கு புதங்கெழமை என் முறை. தண்ணி வரலைன்னா ஏன் வரலைன்னு எல்லாருக்கும் தெரியும். அவ்ளோதான்."

ஐந்து நிமிஷத்தில் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். அதற்குள் நூற்று நாற்பது போனிலும் அவள் குரல் போய்ச் சேர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க ஒருத்தரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. கடையில் முன்னால் நின்ற பொம்பளை தானாக வழிவிட்டாள். மரியாதையா, ஒதுங்குகிறாளா என்று அவளுக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் மண்வெட்டியோடு போனாள். ஆறு மணி. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஆறேகால். ஒருத்தர் பல் குச்சியோடு கரைமேல் வந்து நின்றார். இன்னொருத்தர் எருமையைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் எருமை வீட்டில் கட்டியிருந்ததை வரும்போதே அவள் பார்த்திருந்தாள். மழைமேகம் எவர், சிங்கம் எவர் என்று யாருக்குத் தெரியும்? ஆறரைக்குக் கரைமேல் ஏழெட்டுப் பேர். யாரும் வாய்க்காலைப் பார்க்காத மாதிரி வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு ஆவதற்குச் சற்று முன்னால் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. பின்னாலேயே வீரமணியும் வந்தான்.

"வந்துடுச்சிக்கா. வூட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்."

"யாரு தொறக்கச் சொன்னது?"

"யாரு சொன்னா இன்னாக்கா, தண்ணிதானே வேணும்?"

"சொல்லு."

வீரமணி கரைமேல் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "அவருதான். 'ஊரே கரையில வந்து நின்னுக்கினு இருக்குது, வுட்டுத் தொலைடா'ன்னாரு."

"அக்காவுக்குப் போன் குடுத்தாரா?"

"குடுத்துட்டாரு. ஆனா குழுவுலருந்து அவங்களையும் நீக்கிட்டாரு."

சாலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இவன் போய்ச் சொல்லுவான் என்று அடக்கிக்கொண்டாள். கரைமேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வீரமணி மட்டும் இன்னும் நின்றான்.

"வெயில் ஏறுது. போங்கக்கா."

"என் முறை சாயங்காலம் ஆறு வரைக்கும். நீ போ."

அவன் போனான். மடைப்பக்கமாகப் போகிறானா, ஊர்ப்பக்கமாகப் போகிறானா என்று தலை மறைகிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம் ஒரு குச்சியை ஒடித்து வாய்க்காலில் நட்டு, தண்ணீர் தொட்ட இடத்தை நகத்தால் கீறிவிட்டு, அதற்கு எதிரிலேயே வரப்பில் உட்கார்ந்தாள்.