ரதம் நிற்கும் இடம்

நான் ரவாங்கில் ஒரு நகரத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். மாநில அளவில் பார்த்தால், புஞ்சாக் ஆலாம் பக்கம் நான் பிறந்த தோட்டம் ஒரே பச்சைத் திட்டு. மாவட்ட அளவுக்கு வந்தால் பச்சைக்கு நடுவே மஞ்சள் தெரியும். மஞ்சள் என்றால் வீடமைப்பு. நாங்கள் தாமான் என்போம். இன்னும் நெருங்கினால் கார் நிறுத்துமிடம்கூடத் தெரியும். எங்கள் அம்மன் கோயில் மட்டும் எந்த அளவிலும் வராது. கேட்டால், இவ்வளவு சின்னதைக் காட்ட முடியாது என்பார் மேலதிகாரி. கார் நிற்கும் இடத்தைவிடவா கோயில் சின்னது? எரிச்சலாக வரும்.

அந்த மஞ்சளில்தான் நானும் வீடு வாங்கினேன். அம்மா இன்னும் செம்பனைத் தோட்டத்துக்குள், தொழிலாளர் வரிசை வீடுகளில் மிஞ்சியிருக்கும் ஒரே லயத்தில். தாமானைக் கூட்டிப் பெருக்குவதும் அங்கே பிள்ளை பார்ப்பதும் லயத்துப் பெண்கள். லயத்துக்காரர்களுக்குக் கடையும் கிளினிக்கும் தாமானில். ஒன்றில்லாமல் மற்றது ஒரு வாரம் தாங்காது. வரைபடத்தில் அதற்கு நிறமே கிடையாது.

திருவிழாவில் ரதம் ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் நின்று அர்ச்சனை வாங்கும். லயங்களை இடித்த பிறகும், அவை இருந்த இடத்தில் யார் வீடு வந்தாலும் அங்கே நிற்கும். போன வருடம் தாமானுக்கு வேலியும் தடுப்புக் கம்பியும் போட்டார்கள். அதன் பிறகு வந்த முதல் திருவிழாவுக்குக் கோயில்காரர்கள் பெரிய சாலைக்குப் போலீஸ் பெர்மிட் ஒழுங்காக வாங்கினார்கள். குடியிருப்போர் சங்கத்தைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சொந்த லயத்துக்குள் போக யார் அனுமதி கேட்பார்கள்?

ரதம் தாமான் வாசலுக்கு வந்தபோது, வெளியார் ஊர்வலத்தை உள்ளே விடாதே என்று சங்கத் தலைவர் வாசல் காவலாளிக்குப் போனில் சொல்லிவிட்டார். நம் ஆட்கள் ரதத்தைத் திருப்ப ஆரம்பித்தார்கள். அம்மா அர்ச்சனைத் தட்டோடு கம்பிக்கு முன்னால் போய் நின்றாள்.

"திருப்பாதீங்க லா. மூணாவது லயத்துலதான் நான் புள்ள பெத்தேன். அங்க நிக்காம சாமி கோயிலுக்குத் திரும்பாது."

யார் வெளியார்? என் குடியிருப்பாளர் அட்டையை எடுத்துப் போய்க் கம்பிக்குப் பக்கத்துக் கருவியில் தட்டினேன். கம்பி உயர்ந்தது. அட்டையை முடக்கிவிடுவார்கள் அக்கா என்று காவலாளி பதறினார்.

மூன்றாவது லயம் இருந்த இடம் இப்போது தலைவர் வீட்டு வாசல். ரதம் அங்கே நின்றது. அவர் இரும்புக் கேட்டுக்குப் பின்னால் கைகட்டி நின்றபடி, அடுத்த வருடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும் என்றார். பூசாரி என்னைப் பார்த்தார்.

"கேக்க மாட்டோம் ஐயா," என்றேன். "அட்டைய முடக்குங்க. கம்பி தொறக்கலன்னா சாமிய தோள்ல தூக்கிக்கிட்டு வருவோம். இங்கதான் நிக்கும்."