லேகியமும் ஒரு ஷூ லேஸும்

லேகியம் திரவமா, திடமா?

இந்தக் கேள்விக்கு யாரையும் கேட்காமல், எதையும் புரட்டிப் பார்க்காமல், இரண்டே விநாடியில் பதில் சொன்ன முட்டாள் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கட்டுரை முடிவதற்குள் 'முட்டாள்' என்பது ரொம்ப மரியாதையான வார்த்தை என்று உங்களுக்கே தோன்றும்.

நான் விமானம் ஏறியது மொத்தம் பதினோரு தடவை. அதில் ஒன்பது தடவை சென்னைக்கு. ஆனால் மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் என் பழைய சந்தில், அதாவது கல்லியில், போய்க் கேட்டுப் பாருங்கள்... நான் ஏதோ பைலட் வேலையிலிருந்து ரிடையர் ஆனவன் மாதிரிச் சொல்வார்கள். அந்தப் பெயரைப் பரப்பியவன் யார்? வேறு யார், நான்தான். ஏர்போர்ட்டுக்கு ஊறுகாய் ஜாடியோடு வருகிறவர்களைக் கிண்டலடித்து இதே பக்கத்தில் ஒரு முறை எழுதினேனே, நினைவிருக்கிறதா? அந்தப் பேர்வழிதான்.

போன மாதம் மஸ்கட்டில் ஒரு தமிழ்ச் சங்க விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அதே விமானத்தில் பேச்சியம்மாவும் வருகிறார் என்று தெரிந்தது. லேபர் கேம்ப்பில் எங்களுக்கு எதிர் கோலியில், ஒற்றை அறை வீட்டில், இருந்தவர். நான் செம்பூருக்கு வீடு மாறிவிட்டேன், அவர் அங்கேயேதான். தாராவியில் பை தைக்கிற ஒர்க்‌ஷாப்பில் கைப்பிடி தைக்கும் வேலை. மகள் செல்விக்கு மஸ்கட்டில் பிரசவம் ஆகி எட்டு நாள். மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். பேச்சியம்மாவுக்கு இதுதான் முதல் விமானம்.

கிளம்புகிற அன்று காலை அழைத்துப் போக அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டி தயாராக இருந்தது. எப்பேர்ப்பட்ட பெட்டி! பைகளோடு இருபது வருஷம் புழங்கிய கை அல்லவா? நடுவில் இரண்டு சேலைக்குள் ஒரு எவர்சில்வர் தூக்கு. தூக்குக்குள் கண்ணாடி ஜாடி. ஜாடி வாயில் பிளாஸ்டிக் தாள், ரப்பர் பேண்ட், அதற்கு மேல் நாலு சுற்று டேப். உள்ளே பிரசவ லேகியம். உடன்குடிக் கருப்பட்டி, சுக்கு, திப்பிலி, ஓமம், நல்லெண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து, ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு நாள் லீவு போட்டுக் கிண்டியது. கல்லி முழுக்க அந்த வாசனைதான் நின்றிருந்தது.

"செல்வி இதைப் பெரிய பெட்டியிலதான் போடணும்னு சொல்லுதா. நீங்க என்ன சொல்லுதிய அண்ணாச்சி?"

செல்வி ஹிந்தி ஸ்கூலில் படித்த பிள்ளை. அம்மாவும் மகளும் எழுதிக்கொள்வதெல்லாம் கிடையாது, வாய்ஸ் மெசேஜ்தான். அதை எனக்கும் போட்டுக் காட்டினார். சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கினேனா? ஒரு சிரிப்புச் சிரித்தேன். பெரிய பெட்டியை லோடர்கள் பந்து மாதிரி வீசுவார்கள், ஜாடி தூள் தூளாகிவிடும் என்றேன். கைப்பையில் நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்கிற சட்டமெல்லாம் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும்தான், லேகியத்தை உருண்டை பிடிக்கலாமே, அது எப்படித் திரவம் ஆகும் என்று கேட்டேன். கேட்கும்போதே என் லாஜிக்கை நானே ரசித்துக்கொண்டேன்.

பேச்சியம்மா ஒரு நிமிஷம் ஜாடியைப் பார்த்தார். பிறகு தூக்கிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி வரிசை. எனக்குப் பின்னால் நின்ற மாட்டுங்காக்காரர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உங்கள் பத்தியை விடாமல் படிக்கிறேன் சார் என்றார். ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். சும்மாவே தரையில் நடக்காதவன்... அப்புறம் கேட்க வேண்டுமா?

அன்றைக்கு ஷூவையும் கழற்றச் சொன்னார்கள். பெல்ட், ஷூ, பை எல்லாவற்றையும் ட்ரேயில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றேன். என் பையிலிருந்த தொண்ணூறு மில்லி சென்ட் பாட்டில் ராஜ நடையில் வெளியே வந்தது. பேச்சியம்மாவின் பையை மட்டும் தனியே ஒதுக்கினார்கள்.

செக்யூரிட்டி அம்மாள் ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே லேகியம் மெதுவாக, சோம்பலாக ஒரு பக்கம் சரிந்தது. அதோடு என் லாஜிக்கும் சரிந்தது. கொட்டுவது, சரிவது, பிதுங்குவது, தடவுவது எல்லாமே திரவக் கணக்குதான் என்று இன்று எனக்குத் தெரியும். ஜாம், பேஸ்ட், நெய், லேகியம் எல்லாம். நூறு மில்லி என்பது உள்ளே இருக்கிற சரக்குக்கு அல்ல, பாட்டிலுக்கு. முக்கால்வாசி காலியான பெரிய பாட்டிலும் பெரிய பாட்டில்தான். மூன்று நிமிஷம் செலவழித்திருந்தால் அந்த ஏர்லைனின் இணையப் பக்கத்திலேயே இதையெல்லாம் படித்திருப்பேன்.

பேச்சியம்மா தன் பம்பாய் ஹிந்தியில் மருந்து என்றார். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். அந்த அம்மாள் முரடு இல்லை. கைக்குழந்தை விஷயம் என்றதும் அவர் முகமும் இளகியது. இதை உள்ளே விட முடியாது, ஆனால் நேரம் இருக்கிறது, ஏர்லைன் ஆட்களிடம் பேசிப் பெரிய பெட்டிகளோடு அனுப்பப் பார்க்கலாம், கூட விவரம் தெரிந்தவர் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

பேச்சியம்மா திரும்பினார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? நாலு எட்டு வைத்தால் போதும். 'நான்தான் மேடம், தப்பு என்னுடையது' என்று சொல்ல ஐந்து விநாடி. ஆனால் என் பக்கத்தில் அந்த மாட்டுங்காக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஊறுகாய்க் கட்டுரையைப் பற்றித்தான் சிலாகித்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தேன்.

என் ஷூ ட்ரேயில் இருந்தது. காலில் சாக்ஸ் மட்டும்தான். அதில் லேஸ் கட்டினேன்... நன்றாக, நிதானமாக, இரண்டு காலுக்கும்.

குனிந்தபடியே பேச்சியம்மாவின் குரலைக் கேட்டேன். "கோயி நஹீ, மேடம்."

யாரும் இல்லை.

நிமிர்ந்தபோது ஜாடி பக்கத்திலிருந்த பெரிய தொட்டிக்குள் போய்விட்டிருந்தது. அதில் ஷாம்பூ, தண்ணீர் பாட்டில், யாரோ ஒருவருடைய தேன். மேலாக, நாலு சுற்று டேப்போடு லேகியம்.

விமானத்தில் நான் முன் வரிசை, அவர் கடைசி வரிசை. தெரிந்தவர் பக்கத்தில் சீட் கிடைக்காததற்கு நான் நன்றி சொன்ன ஒரே தடவை அதுதான். மஸ்கட்டில் இறங்கிப் பெட்டிக்காக நிற்கும்போது பக்கத்தில் வந்தார். திட்டுவார் என்று தயாரானேன். சாப்பிட்டியளா அண்ணாச்சி என்று கேட்டார்.

விழாவில் நன்றாகப் பேசினேன். கைதட்டினார்கள். ராத்திரி தூக்கம் மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் அங்கேயே ஒரு கடையில் டப்பா லேகியம் வாங்கிக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன்: உள்ளே போனதும் முதல் வாக்கியம், 'தப்பு என்னுடையது செல்வி.'

செல்வி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஜன்னலோரம் வைத்தாள். பிறகு அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க மாமா, எத்தனை வாட்டி மெசேஜ் போட்டேன். பேஸ்ட், ஆயில், சப் குச், எல்லாமே பெரிய பேக்லன்னு. இவங்க ஞாபகமறதியா ஹேண்ட்பேக்ல வச்சிட்டாங்களாம். கூட நீங்க இருந்தும் சொல்லலையா?"

ஞாபகமறதியாம்! மகளிடம் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறார். என் பெயரை எடுக்கவே இல்லை.

பந்து என் காலடியில் வந்து விழுந்தது. இந்தத் தடவை குனிய ஷூ கூட இல்லை, வாசலில் கழற்றியாகிவிட்டது. ஆனால் வாய் இருக்கிறதே? பழகிய வாய். எங்கே சங்கடம் வந்தாலும் ஒரு ஜோக்கைப் போட்டு நழுவுகிற வாய்.

"உங்கம்மா யார் பேச்சைக் கேட்டிருக்கா?" என்றேன்.

செல்வி சிரித்தாள். மாப்பிள்ளை சிரித்தார். பேச்சியம்மா குழந்தையின் காலை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. யார் பேச்சைக் கேட்டார் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் டீயைக் குடித்து முடித்துக் கிளம்பினார்.

'தெரியாது' என்று ஒரு சொல் இருக்கிறது. சின்ன வயதில் பரீட்சை முழுக்க அதைத்தானே எழுதாமல் எழுதினோம்? எந்த வயதில் அதைத் தொலைக்கிறோம்? நாலு பேர் நம்மிடம் யோசனை கேட்க ஆரம்பிக்கிற வயதில் என்று நினைக்கிறேன். 'தப்பு என்னுடையது' என்கிற இன்னொன்றும் சரியாக அதே சமயத்தில் காணாமல் போகிறது.

மும்பை திரும்பிப் பத்து நாள் ஆகிவிட்டது. போன வாரம் பேச்சியம்மாவைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் மஸ்கட்டில்தான். நடந்ததை அப்படியே என் பத்தியில் எழுதப்போகிறேன் என்றேன். ஜாடி, லேஸ், அந்த ஜோக் ஒன்றையும் மறைக்கப்போவதில்லை, ஊர் பூரா வாசிக்கட்டும், செல்வியிடம் நேரில் மன்னிப்பு கேட்ட மாதிரி ஆகிவிடும் என்றேன். என் நேர்மை எனக்கே பிடித்திருந்தது.

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அதைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு பேச்சியம்மா சொன்னார்:

"செல்விக்குத் தமிழ் வாசிக்க வராதுல்லா அண்ணாச்சி."