நிருபத்தில் இருந்த இரண்டு பெண்கள்

மரக்காணம் உப்பளத்தில் நானும் செலினும் ஏழு வருடம் சேர்ந்து உப்பு வாரியவர்கள். போன கோடையில் அவள் அடிக்கடி தாமதமாக வருவதை மேஸ்திரியிடம் நான்தான் சொன்னேன். அவர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் மகளுக்குக் காய்ச்சல் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆலயத்தில்கூட ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம்.

ஒரு ஞாயிறு, வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. ஆதிச் சபை ஒன்றுக்கு அப்போஸ்தலர் ஒருவர் சிறையிலிருந்து எழுதிய நிருபம், அதாவது கடிதம், அது. வீட்டில் ஒருமுறைகூடப் பார்க்காமல் போய் நின்றுவிட்டேன். தன்னோடு பாடுபட்ட இரண்டு பெண்களைப் பெயர் சொல்லி, ஒருமனப்படுங்கள் என்று அதில் அவர் கேட்டுக்கொள்கிறார். சிறையில் கிடக்கிறவருக்கே இரண்டு பெண்களின் மனஸ்தாபம் அவ்வளவு பெரிதாகப் பட்டிருக்கிறது. எனக்கு ஏன் படவில்லை?

ஆராதனை முடிந்ததும் செலினை வாசலில் பிடித்துவிட்டேன்.

"மேஸ்திரிகிட்ட சொன்னது நான்தான் செலின். மன்னிச்சிடும்மா."

"தெரியும்க்கா. இதச் சொல்ல இத்தன மாசமா?" என்று அழுதாள்.

மறுநாள் மேஸ்திரியிடம் போனேன். "அப்போ அவ பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க. தெரியாம சொல்லிட்டேன், அவள திரும்ப சேர்த்துக்குங்க" என்றேன். முடியாது என்றார். விடாமல் தினமும் போய்க் கேட்டேன். நான்காம் நாள், "சரி, வரச் சொல்லும்மா" என்றார்.

இப்போது யாரிடமாவது குறை கண்டால் முதலில் அவரிடமே போய்க் கேட்கிறேன். தவறு என்னுடையது என்றால், அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.