அளவு மாறி வந்த லைஃப் ஜாக்கெட்

எல்லாம் ஒரு டி-சர்ட் படத்தில்தான் ஆரம்பித்தது. திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறோம். கட்டிங் அவர் பொறுப்பு, செக்கிங் என் பொறுப்பு. அந்த முறை வந்த ஆர்டரில், நெஞ்சுப் பக்கம் ஒரு வெள்ளைக்காரி தண்ணீர்மேல் மிதக்கும் பலகையில் நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். பிரிண்ட் உரிகிறதா, துணியில் ஓட்டை இருக்கிறதா என்று நாளெல்லாம் அவளையே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் ஒரு கவலை கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை. கோயம்புத்தூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் ஆன பிறகு டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னார்: "ரெண்டு பேரும் கொஞ்சம் ரிலாக்ஸா இருங்க." ஷிப்மென்ட் தேதியைத் தலைக்குமேல் தொங்கவிட்டுக்கொண்டு திருப்பூரில் ரிலாக்ஸாக இருந்த ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள், பார்க்கலாம்.

என் வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்னால் வேதவாக்கு. ஒரு டி-சர்ட்டை உருவிக்கொண்டு வந்து என் மேசைமேல் விரித்தார்.

"அம்மணி, இவ மூஞ்சியப் பாரு. இதுதான் ரிலாக்ஸுங்கறது. நாமளும் ஒரு பலகை வாங்கலாம்."

"திருப்பூர்ல கடலா இருக்குதுங்க?"

"பொங்கலூர்ல மாமா தோட்டத்துக் குட்டை இருக்குதல்ல?"

மாமா என்றால் என் அப்பா. கிணற்றுத் தண்ணீரைத் தேக்கி வைக்க, தோட்டத்தில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்துப் பெரிய குட்டை ஒன்று வெட்டியிருந்தார். அதில்தான் எங்கள் ரிலாக்ஸ் நடக்கும் என்று முடிவாயிற்று.

பலகையை அவர் தேடித் தேடிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை. காற்றடித்து மிதக்கும் பலகை, வேலை முடிந்ததும் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம். சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டு, "ஜி.எஸ்.எம். எவ்வளவுங்க?" என்று துணிக் கனம் விசாரிக்கிற மாதிரி கேட்டார். அந்த மனிதர் முழித்திருப்பார். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு வந்து, சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பலகையின் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் நூல் கோத்திருக்கிறதாம். எவ்வளவு காற்று அடித்தாலும் பலூன் மாதிரி உப்பாமல் தட்டையாக நிற்பது அந்த நூல் இழுத்துப் பிடிப்பதால்தானாம். "வெளிய தெரியறது காத்து அம்மணி, வேலை செய்யறது நூலு," என்றார். நூலைப் புகழ்ந்தால் திருப்பூர்க்காரனுக்குச் சோறு வேண்டாம்.

ஒடுங்கின பலகை வேகமாகப் போகும், ஆனால் ஆளைக் கவிழ்த்துவிடும். புதிதாக ஏறுகிறவர்களுக்கு அகலம்தான் முக்கியம் என்று அகலமானதாகப் பார்த்தார். கனம் ஆறு அங்குலத்துக்குக் குறைந்தால் நடுவில் வளையும் என்றார். துடுப்பு அலுமினியத்தில் வேண்டாம், கை ஓய்ந்துபோகும், லேசான ஃபைபர் பிடி போதும். கணுக்காலில் கட்டும் கயிறு, போனும் சாவியும் நனையாத பை, ஓட்டை விழுந்தால் ஒட்டுகிற சாமான், அழுத்தம் காட்டும் முள் வைத்த கைப்பம்ப் எல்லாம் சேர்ந்தது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் நான் குட்டைப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஷீட் போட்ட குட்டையில் விழுந்தால் வழுக்கும், ஏற முடியாது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அது எல்லோருக்கும் தெரியும்.

ஜாக்கெட்டுக்கு மார்பளவு கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாமல் வாங்கி என்னை அசத்த வேண்டுமாம். என் டி-சர்ட் ஒன்றை எடுத்துக் கட்டிங் மேசையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் வைத்து, "செஸ்ட் ஐம்பது சென்டிமீட்டர்" என்று அனுப்பிவிட்டார். பனியன் தொழிலில் அளவு அப்படித்தான் எடுப்போம், படுக்க வைத்து, ஒரு பக்கம் மட்டும். உடம்புக்கு முன்னும் பின்னும் உண்டு என்பதே எங்கள் ஊரில் மறந்துபோன சங்கதி. தன்னுடையதை ஏற்கெனவே கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் போட்டுப் பார்த்து வாங்கியிருந்ததால் அது தப்பித்தது.

பார்சலைப் பிரித்தால், ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி ஜாக்கெட். இரண்டு வயதுக் குழந்தை போடுகிற அளவு. நான் கையை நுழைத்துப் பார்த்தேன், முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

"இருபது வருசமா கத்தி புடிச்ச மாஸ்டருங்க! கட்டுன பொண்டாட்டி சுத்தளவு தெரியல!" என்று யூனிட்டே கேட்கும்படி கத்தினேன். டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு வேறு வாங்கித் தந்தார். ஆனால் அந்தக் குட்டி ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பவில்லை.

"இருக்கட்டும் உடு. நம்ம பாப்பாவுக்கு ஆகும்," என்றார்.

நான் அதை வாங்கி மடித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொங்கலூர் போனோம். குட்டையின் நாலு பக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்டார், விழுந்தால் பிடித்து ஏற. பலகைக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை ஷீட்டைக் கிழித்துவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். "மாப்ள, ஷீட்டுல கீறல் உழுந்துச்சுன்னா தண்ணி பூராம் போயிருமுங்க," என்று கரையிலேயே காவல் நின்றார். அதற்காகவே நீளம் குறைந்த கட்டை ஒன்றை மாற்றிப் போட்டார் இவர். முதலில் மண்டிபோட்டுப் பழகு, பிறகு எழுந்து நில், முழங்காலைக் கொஞ்சம் மடக்கு, துடுப்பின் வளைவு முன்பக்கம் பார்க்கட்டும் என்று பாடம் நடத்தினார். நான் காலையே பார்த்துக்கொண்டு நின்று தொப்பென்று விழுவேன். "காலப் பாக்காத அம்மணி, அந்தத் தென்ன மரத்தப் பாரு" என்பார். மரத்தைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. அந்தச் சில மாதங்கள் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். டி-சர்ட்டில் இருந்தவளை மன்னித்துவிட்டேன்.

பிறகு நாள் தள்ளிப்போனது. டாக்டரம்மா வாழ்த்தினார். அன்றிலிருந்து நான் பலகையைத் தொடவில்லை. தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன், அவர் மட்டும் குட்டையைச் சுற்றிச் சுற்றி வருவார். குட்டி ஜாக்கெட்டைப் பலகையின் முன்பக்க வலைக்கயிற்றில் சொருகியிருப்பார். "பாப்பாவுக்கு எடம் புடிச்சு வெக்கறேன்" என்பார். ஒரு சுற்று முடிந்து என் பக்கம் வரும்போதெல்லாம் கையசைப்பார், யாரோ இரண்டு பேர் வருகிற மாதிரி நானும் கையசைப்பேன்.

ஐந்தாம் மாதம் அது எங்களுக்கு இல்லை என்றாயிற்று. அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பார்க்க வந்தவர்களில் அவருடைய அத்தை ஒருத்தி, "தண்ணிமேல நின்னு குதியாட்டம் போட்டா புள்ள எப்படித் தங்கும்?" என்று என் காதுபடவே கேட்டாள். நரம்பில்லாத நாக்கு, என்ன வேண்டுமானாலும் பேசும். நாள் தள்ளியதிலிருந்து நான் பலகையைத் தொடவே இல்லை என்று அவர் எழுந்து சொல்வார் என்று பார்த்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை கட்டிங் மேசையில் வழக்கம்போல் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. பலகை சுருட்டிப் பரண்மேல் போனது. குட்டி ஜாக்கெட் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேன்சலான ஆர்டரை மறக்கிற மாதிரி இந்த மனிதர் மறந்துவிட்டார் என்ற கோபம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. மறுபடி வைத்தியத்துக்குப் போகலாமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு வருடம் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம்.

போன வருடம், அந்தப் பலகையை விற்றுவிடலாம் என்றேன். "சரி" என்றார், அவ்வளவுதான். எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

ராயபுரத்திலிருந்து ஒரு பனியன் வியாபாரி, பாய், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஞாயிறு மதியம் யூனிட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் பரணிலிருந்து பலகையை இறக்கித் தரையில் உருட்டி விரித்தார். கடைசிச் சுற்று விரிந்ததும் உள்ளேயிருந்து ஒரு பாலித்தீன் கவர் விழுந்தது.

கவருக்குள் அந்த ஆரஞ்சு ஜாக்கெட். டிஷ்யூ காகிதம் வைத்து மடித்து, பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்துப் பொட்டலம் போட்டு, வாயை ஒட்டி வைத்திருந்தார். கப்பலேறுகிற சரக்கைக்கூட அவர் அத்தனை நேர்த்தியாக மடித்து நான் பார்த்ததில்லை.

அவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பம்ப்பை மாட்டினார். "முதல்ல சுளுவா ஏறும் பாய், அப்பறம் கை கடுக்கும், முள்ளு பதினஞ்சுக்கு வர்ற வரைக்கும் உட்றாதீங்க. வெயில்ல போட்டு வெச்சா உள்ள காத்து சூடாயி உப்பிக்கும், கொஞ்சம் எறக்கி உட்ரணும். இல்லீன்னா தையல் பக்கம் பிரிஞ்சுரும்." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பலகைக்குள் உப்பிய காற்றை இறக்கத் தெரிந்த மனிதருக்குத் தன் மனசை இறக்கி வைக்க ஏன் தெரியவில்லை என்று நினைத்தேன்.

அதற்குள் அந்தக் குழந்தை கவரைத் தூக்கிக்கொண்டது. "அத்தா, எனக்கு!" என்றது. பாய் சங்கடப்பட்டு வாங்கப் போனார். என் வீட்டுக்காரர் தடுத்தார். கவரைப் பிரித்து, குழந்தைமுன் மண்டியிட்டு, ஜாக்கெட்டை மாட்டி, ஒவ்வொரு கிளிப்பாகப் போட்டார். பட்டைக்குள் இரண்டு விரலை விட்டு, மூச்சு முட்டுகிறதா என்று பார்த்தார்.

"சரியா இருக்குதுங்க பாய். எடுத்துட்டுப் போங்க," என்றார்.

பாயின் மனைவி என்னைப் பார்த்து, "உங்க பாப்பாவுக்கு வாங்குனதாக்கா?" என்று கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன்.

அவர்தான் சொன்னார். "ஆமாங்க. இப்ப பத்தாதுங்க. புள்ள வளந்துருச்சு."

அவர்கள் பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜாக்கெட்டைக் கழற்றவிடாமல் குழந்தை அதோடேயே போனது. நாங்கள் இரண்டு பேரும் யூனிட் வாசலில் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை, மிஷின் சத்தம் இல்லை. என் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், அது இல்லை.

"ஏனுங்க," என்றேன். "நம்ம பாப்பாவுக்கு இப்ப என்ன அளவு வேணுமுங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "அம்பத்தி மூணு. நாலு வயசு ஆகப்போகுதல்ல," என்றார். பிறகு, "முழுச் சுத்தும் சேத்தித்தான் அம்மணி. இந்தத் தடவ தப்பு பண்ணமாட்டேன்," என்று சொல்லும்போதே குரல் உடைந்து, வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.