செமோர் ஸ்டேஷனில் சொன்ன கதை

என் கணவர் காய்ச்சலில் இறந்த பிறகு, ஏழு வயது மகள் செல்லம்மாளை மலாயாவிலிருந்து கப்பலேற்றி, ஊரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தேன். நான் ரப்பர்த் தோட்டத்தில் மரம் கீறிப் பால் வெட்டப் போனால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஊருக்குப் புறப்பட்ட பக்கத்து வீட்டு மாரியக்கா அவளையும் அழைத்துப்போகச் சம்மதித்தார்.

செமோர் ஸ்டேஷனில் துறைமுகத்துக்குப் போகும் ரயிலுக்குக் காத்திருந்தபோது, அவளைத் தேற்ற ஒரு கதை சொன்னேன். காட்டில் வெள்ளம் வந்ததும், ஒரு தாய்க்குருவி தன் குஞ்சை மேட்டிலிருந்த வேறொரு கூட்டில் விட்டுவிட்டுத் திரும்பியது. குஞ்சு அங்கே சுகமாக வளர்ந்தது.

செல்லம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்மா அந்தக் குருவி. குஞ்சு போயிட்டா அது யாருகூடப் பேசும்?"

குஞ்சு பிழைத்ததையே நான் நினைத்திருந்தேன். தாய் தனியானது எனக்குத் தோன்றவே இல்லை. ரயில் வந்து நின்றதும் மாரியக்காவிடம் திரும்பினேன்.

"அக்கா, நீங்க போய்ட்டு வாங்க. புள்ள எங்கூடவே இருக்கட்டும்."

"வேலைக்குப் போறப்ப என்னா செய்வே?"

"கூட்டிட்டுப் போறேன்க்கா."

மாரியக்கா சிரித்தார். "இத நேத்தே சொல்லிருக்கலாம்லா!"

மறுநாள் முதல் நான் பால் வெட்டும்போது செல்லம்மாள் கூடவே நடந்து ஓயாமல் பேசினாள். அந்தத் துக்க வருஷத்தை நான் கடந்தது அவள் பேச்சால்தான். அதற்கு அவளிடம் நன்றி சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லாத நாளுமில்லை.